23 பேர் வகுப்பு: நெப்ராஸ்கா நாட்குறிப்பு

மே 7, 2025, புதன்

சென்னையில் விமானம் ஏறும்போது இல்லாத செய்தி, பிராங்க்பர்ட்டில் இறங்கும்போது இருந்தது. எல்லையில் தாக்குதல், வடக்கே விமான நிலையங்கள் மூடல். பக்கத்து இருக்கைப் பையன் தன் போனை எனக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் பேசி, "இங்கே ஒன்றுமில்லை, நீ கிளம்பு" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் டென்வர் விமானத்துக்கு நடந்தேன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்த காரணம் இதுதான். தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். சனிக்கிழமை அதற்கு விழா. கல்லூரிப் பட்டம் இல்லை, வெறும் பள்ளிப் படிப்பு. "இதற்கா இவ்வளவு செலவழித்துப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. திருமங்கலம் பக்கத்துப் பள்ளியில் 34 வருடம் வேதியியல் நடத்தியவள் நான். வருடத்துக்கு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு வெளியே போயிருக்கிறது. ஒன்றைக்கூட உட்காரவைத்து வழியனுப்பியதில்லை. கடைசிப் பரீட்சை முடிந்ததும் சட்டையில் மை தெளித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அப்புறம் மாற்றுச் சான்றிதழுக்கு ஜன்னல் வழியே கையை நீட்டும்போது ஒருமுறை பார்ப்போம். அவ்வளவுதான். இங்கே அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

டென்வரை நெருங்கும்போது ஜன்னலுக்குக் கீழே பூமி முழுக்க வட்டம் வட்டமாகக் கிடந்தது. கோலப்பொடி டப்பாவைக் கவிழ்த்து அச்சு எடுத்ததுபோல ஒரே அளவு. அது என்னவென்று தம்பி மகளிடம் கேட்டு எழுதுகிறேன்.

தம்பி காரோடு நின்றிருந்தான். அவன் இருக்கும் ஊர், மெக்குக் என்ற ஊரிலிருந்து அரை மணி தூரம். பெயரை எழுதப் போவதில்லை. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், வகுப்பில் 23 பேர், அதில் தமிழ்ப் பெண் ஒருத்தி. ஊர்ப் பெயரைச் சொன்னால் வீட்டு விலாசத்தையே எழுதியதுபோல ஆகிவிடும். தென்மேற்கு நெப்ராஸ்கா என்ற மட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரன் அங்கே எப்படிப் போனான்? மேற்படிப்புக்கு ஜே-1 விசாவில் வரும் டாக்டர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்தால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. கான்ராட் திட்டம் என்கிறார்கள். 1994-இல் வந்தது. இப்போது ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 பேர். தம்பியும் மூன்று வருடம் என்றுதான் வந்தான். பதின்மூன்று ஆகிறது.

பிரஷ், ஆக்ரன், யூமா, ரே என்று 34-ஆம் நெடுஞ்சாலையில் ஓரசையும் ஈரசையுமாக ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் தெரிவது தானியக் கிடங்கின் வெள்ளைத் தூண், அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம்தான் ஊர். கொலராடோ முடிந்து நெப்ராஸ்காவில் பென்கல்மன் தாண்டி, ட்ரென்டன் பக்கம் ஒரு நினைவுத் தூண் தெரிந்தது. இளஞ்சிவப்புக் கருங்கல். "நிறுத்துடா, பார்த்துவிட்டுப் போவோம்" என்றேன். "நேரமாகிவிடும் அக்கா" என்றான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே முக்கால். ஏழு மணிக்குத்தானே உனக்கு வேலை, நிறுத்து என்றேன். நிறுத்தினான்.

1873 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, காட்டெருமை வேட்டைக்கு வந்திருந்த பானி என்ற பூர்வகுடி மக்களை, இன்னொரு பூர்வகுடியான லகோட்டா வீரர்கள் இந்தப் பள்ளத்தில் மடக்கிக் கொன்றிருக்கிறார்கள். பெண்கள், குழந்தைகள் எல்லாம். அதற்குப் பிறகு சில வருடங்களில் பானி மக்கள் நெப்ராஸ்காவையே விட்டு ஓக்லஹோமா பக்கம் போய்விட்டார்கள். தூணில் இரண்டு இனத் தலைவர்களின் முகமும் செதுக்கியிருக்கிறது. காற்று பேசவிடவில்லை. திரும்பி வந்து காரில் ஏறும்போதுதான் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, உன் கடிகாரத்தில் ஆறு. இங்கே ஏழு. பென்கல்மன் தாண்டி மாவட்ட எல்லையிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது."

ஒரே மாநிலத்துக்குள் இரண்டு நேரம்! மேற்கு மாவட்டங்கள் மலை நேரம், கிழக்கே மத்திய நேரம். கல்யாணப் பத்திரிகையில்கூட எந்த நேரம் என்று அச்சடிப்பார்களாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? அக்காவுக்கு மறுபேச்சு பேசாமல் வளர்த்தது தப்பு.

ஏழு மணிக்குச் சர்ச்சில் வழிபாடு. போய்ச் சேரும்போது கடைசிப் பாட்டு. பின் வரிசையில் ஓசைப்படாமல் உட்கார்ந்தோம். முன்னால் 23 முதுகுகள், பச்சை அங்கியில். நடுவில் ஒரு நீளப் பின்னல்.

அரசுப் பள்ளி விழாவில் போதகரை அழைத்து ஜெபம் செய்வது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. அதனால் ஜெபத்தைச் சர்ச்சுகளே விழாவுக்கு முன்னால் வேறொரு நாளில் தனியாக வைத்துக்கொள்கின்றன. விருப்பமுள்ள பிள்ளைகள் வரலாம். இந்த ஊர்ப் பக்கம் புதன் மாலை என்றால் சர்ச்சுக்கு என்று ஒதுக்கி, பள்ளியில் விளையாட்டுப் பயிற்சிகூட வைப்பதில்லையாம். "நீ ஏன் போகிறாய்?" என்று பாப்பாவைக் கேட்டேன். (வீட்டில் அவள் பாப்பாதான். உயரம் என்னைவிட ஒரு சாண் அதிகம்.) "எல்லாரும் போறாங்க அத்தை. 22 பேரா உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

படுக்கப் போனேன், பத்தரைக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. அங்கே வியாழன் காலை ஒன்பது. பிளஸ் டூ ரிசல்ட். ஒன்பதாம் தேதி என்று சொல்லியிருந்ததை ஒரு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள். "டீச்சர், கெமிஸ்ட்ரில 91", "டீச்சர், பாஸ்", "டீச்சர், நீங்க எங்க இருக்கீங்க?" மாநிலத்தில் 95.03 சதவீதம் தேர்ச்சி, ஏழரை லட்சம் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறுஞ்செய்தி. ஓய்வு பெற்றவளுக்கு எதற்கு இந்தப் படபடப்பு என்று தெரியவில்லை. ஒரு மணி வரை பேசிக்கொண்டிருந்தேன்.

மே 8, வியாழன்

எழுந்தது லேட். பாப்பாவுக்கு வகுப்பு முடிந்துவிட்டது. கடைசி வருடப் பிள்ளைகளை மற்றவர்களுக்கு முன்னாலேயே விட்டுவிடுகிறார்கள். என்னைக் காரில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினாள். இங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பதினாலு வயது இரண்டு மாதத்திலேயே பள்ளிக்குப் போய்வர மட்டும் ஓட்டுநர் அனுமதி தருகிறார்கள். அதனால் அவள் ஓட்டுவதில் நாலு வருட அனுபவம். நான்தான் இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோடு மொத்தம் நாலு தெரு நீளம். இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்களில் பேனர். நம் ஊரில் கம்பத்தில் யார் முகம் தொங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே 23 பிள்ளைகளின் முகம். ஒருவன் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்தபடி. ஒருத்தி குதிரையோடு. ஒருவன் நாயோடு. பாப்பா கோதுமை வயலில் பட்டுப் பாவாடை தாவணியோடு நிற்கிறாள். அவள் கம்பம் ஹார்ட்வேர் கடைக்கு முன்னால். கடைக்காரர் வெளியே வந்து, தினம் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடை திறப்பதாகச் சொன்னார்.

வானத்திலிருந்து பார்த்த வட்டங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு கிணறு. அதிலிருந்து கால் மைல் நீளத்துக்கு ஒரு குழாய், சக்கரங்கள் மேல் நிற்கிறது. கடிகார முள்போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே தண்ணீர் தெளிக்கும். சதுர நிலம் 160 ஏக்கர், வட்டத்துக்குள் வருவது 130 சொச்சம். மூலைகள் காய்ந்து கிடக்கும். ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி கண்டுபிடித்தது, 1952-இல் காப்புரிமை. அதற்கு முன்னால் மேட்டு நிலமெல்லாம் வானம் பார்த்த பூமிதான். நம்ம கரிசல் மாதிரி. தண்ணீர் எல்லாம் ஒகலாலா என்ற நிலத்தடி நீரிலிருந்து வருகிறது. பல இடங்களில் எடுக்கும் அளவுக்கு ஊறவில்லை, மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது.

இவ்வளவும் பாப்பா சொன்னது. லிங்கனில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கப் போகிறாள். மண், தண்ணீர். தம்பி இதைச் சொல்லும்போது ஒரு மாதிரி இருமினான். எங்கள் அப்பா பருத்திக் காட்டை விற்று இவனை டாக்டருக்குப் படிக்கவைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் செய்தான். வார்டில் நர்ஸ்கள் எல்லாம் டிவி முன்னால் நிற்கிறார்களாம். ரோமில் வெள்ளைப் புகை. புதுப் போப் சிகாகோவில் பிறந்தவர் என்றதும் ஒரு அம்மா குளுக்கோஸ் கம்பியோடு எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார்.

மே 9, வெள்ளி

இன்று ஒத்திகை. எனக்கு விழாவைவிட இதுதான் பிடிக்கும் என்று போகும்போதே தெரியும். எந்தப் பள்ளியிலும் விழா மேடையில் தெரியாது, முந்தின நாள் நாற்காலி போடும்போதுதான் தெரியும்.

கூடைப்பந்து அரங்கம்தான் விழா மண்டபம். தரை பாழாகாமல் இருக்கப் படுதா விரித்து நாற்காலி போடுகிறார்கள். போடுவது பத்தாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும். ஒரு வாத்தியார் சணல் கயிறு பிடித்து வரிசை நேராக்கினார். 23 பையன், பெண்களும் இரண்டு இரண்டு பேராக நடந்து பழகினார்கள். ஒற்றைப்படை என்பதால் கடைசியில் ஒருவன் தனியாக. அவன் ஜெர்மனியிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்து ஒரு பண்ணை வீட்டில் தங்கிப் படிக்கிறான். தனியாக வருவதற்காக ஒரு நடை வைத்திருந்தான், சிரிப்புத் தாங்கவில்லை. இசை ஆசிரியை இரண்டு முறை கண்டித்தார், மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார்.

நடைபாதைச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். வருடத்துக்கு ஒரு சட்டம், அந்த வருடம் முடித்தவர்களின் முகங்கள் நீள்வட்டம் நீள்வட்டமாக. 1920-களில் தொடங்குகிறது. பாப்பா விரலால் காட்டிக்கொண்டே வந்தாள்: "இவர் எங்க பஸ் டிரைவர். இவங்க நூலகத்துப் பாட்டி. இவர் எங்க கணக்கு வாத்தியாரோட அப்பா." ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சட்டத்தில் இடம் போதாமல் முகங்கள் நெருக்கியடிக்கின்றன. எண்பதுகளுக்குப் பிறகு முகங்கள் பெரிதாகின்றன, எண்ணிக்கை குறைகிறது. நடுவில் ஒரு வருடத்தில் பள்ளியின் பெயரே மாறுகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடி இதோடு சேர்த்துவிட்டார்கள். கண்ணாடி அலமாரியில் அந்தப் பள்ளியின் கோப்பைகளும் இருக்கின்றன, கீழ்த் தட்டில். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மாநிலத்தில் ஏழாயிரத்துக்கும் மேல் பள்ளி மாவட்டங்கள் (தனித்தனிப் பள்ளி நிர்வாகங்கள்) இருந்தன, பாதிக்கு மேல் ஒற்றை அறைப் பள்ளிகள். இன்று 250-க்கும் குறைவு. இயந்திரம் பெரிதானது, பண்ணை பெரிதானது, குடும்பங்கள் குறைந்தன. அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினோரு பேர் சேராத ஊர்களுக்காக ஆறு பேர் ஆடும் ஆட்டத்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள். முதல் ஆட்டம் 1934-இல், இதே மாநிலத்தில் ஹெப்ரன் என்ற ஊரில்.

மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும், பக்கத்திலேயே இலவங்கப்பட்டைச் சர்க்கரை ரொட்டியும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது இந்த மாநிலத்துப் பள்ளிகளின் பல வருட வழக்கமாம். ரசத்தில் ஜிலேபியைத் தோய்த்ததுபோல இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டாவது ரொட்டியும் வாங்கிக்கொண்டேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். நல்ல உயரம், நாற்பது வயது இருக்கும். நீங்களும் வாத்தியார் என்று கேள்விப்பட்டேன், ஒரு உதவி வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். பாப்பாவின் முழுப் பெயர். அதில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போட்டு எழுதித் தொலைப்பதால் பதின்மூன்று வருடமாக இந்த ஊர் முழுக்க 'ஸ' என்றுதான் சொல்கிறது. அவளும் திருத்துவதை மூன்றாம் வகுப்பிலேயே விட்டுவிட்டாளாம். "நாளைக்கு ஒரு தடவைதான் முழுப் பெயரைச் சொல்வேன். அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்" என்றார்.

34 வருடம் வருகைப் பதிவேடு படித்தவளிடம் இதைக் கேட்டால்? நாக்கு நுனியை மேலே வளை, அண்ணத்தைத் தொடாதே, அப்படியே நிறுத்திக் காற்றை விடு என்றேன். 'ர' வந்தது. இன்னும் உள்ளே வளையுங்கள் என்றேன். 'ல' வந்தது. சாப்பாட்டுக் கூடமே எங்களைப் பார்க்க ஆரம்பித்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினேன், அவரும் குனிந்து பார்த்தார். பல் டாக்டர் கடைபோல ஆகிவிட்டது. அவர்கள் மொழியிலேயே 'ர' சொல்லும்போது பலருக்கு நாக்கு மடங்கித்தான் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். இருபது தடவைக்கு மேல் இருக்கும். ஒரு தடவை வந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அட்டையில் அந்த எழுத்துக்கு மேலே ஏதோ குறி போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

என் வகுப்பில் ஒரு வட இந்தியப் பையன் இரண்டு வருடம் படித்தான், செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். அவன் பெயரை நான் சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றுதான் யோசித்தேன்.

மே 10, சனி

காலை ஏழு மணிக்குப் போன். சண்டை நிறுத்தம் அறிவித்துவிட்டார்கள் என்று வீட்டிலிருந்து. தம்பியும் நானும் ஆளுக்கு ஒரு காபியோடு சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். அப்புறம் தம்பி மனைவி, "மதினி, இந்த அங்கிக்கு இஸ்திரி போடலாமா, உருகிடுமா?" என்று வந்து நின்றாள். பாலியெஸ்டர். ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன்.

விழா இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கே அரங்கம் நிறைந்துவிட்டது. ஊர் ஜனத்தொகையைவிடக் கூட்டம் அதிகம். இது மக்காச்சோளம் விதைக்கும் காலம். நிறைய அப்பாக்கள் விதைப்பு இயந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது கழுத்து வரை இருந்த புழுதிக் கோட்டில் தெரிந்தது. சட்டை மட்டும் புதுசு.

பள்ளி பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. எட்வர்ட் எல்கர் 1901-இல் எழுதிய அணிவகுப்பு இசை. 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது வாசித்தார்கள். அன்றிலிருந்து அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் இதுதான். கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் மாதிரி. ஆனால் இன்று ஓசை மெலிந்து கேட்டது. பாப்பா வாசிக்கும் கிளாரினெட் வரிசையில் மூன்று நாற்காலி காலி. பேண்டில் நன்றாக வாசிப்பவர்கள் எல்லாம் அங்கி போட்டுக்கொண்டு நடந்து வருகிறார்களே, யார் வாசிப்பது? அடுத்த வருடப் பிள்ளைகள் வாசித்தார்கள். அவர்களுக்கு அதற்கடுத்த வருடத்துப் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

பச்சை அங்கி, சதுரத் தொப்பி, தொப்பியிலிருந்து வலது பக்கம் தொங்கும் குஞ்சம். கழுத்தில் கயிறுகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம். பாப்பாவுக்கு எஃப்.எஃப்.ஏ. கயிறும் உண்டு. 1928-இல் தொடங்கிய விவசாய மாணவர் சங்கம். நீலமும் தங்கமும், தங்கத்தை மக்காச்சோளத் தங்கம் என்று சொல்ல வேண்டுமாம். அங்கிக்குக் கீழே பாதிப் பையன்களுக்கு மாட்டுக்கார பூட்ஸ்.

முதல் மதிப்பெண் பெற்ற பெண்ணின் பேச்சு சுமார். 'கனவு', 'சிறகு' எல்லாம் வந்தது. எந்த நாட்டிலும் முதல் ரேங்க் பேச்சு இப்படித்தான் போலும். சிறப்புப் பேச்சாளராக வந்தவர்தான் ஆச்சரியம். மந்திரி, எம்.எல்.ஏ. யாரும் இல்லை. இவர்களுக்கு ஐந்து வயதில் மழலையர் வகுப்பு எடுத்த ஆசிரியை. பிள்ளைகளே ஓட்டுப் போட்டு அழைத்திருக்கிறார்கள். குட்டையான அம்மா, மேடையில் ஒலிபெருக்கியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு பழைய கோப்பு. பெரியவனானால் என்ன ஆவாய் என்று 2012-இல் அவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களை எறியாமல் வைத்திருக்கிறார்! ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவன் அறுவடை இயந்திரம் ஆவேன் என்று எழுதியிருக்கிறான். ஓட்டுவேன் இல்லை, ஆவேன். அவன் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னான். பாப்பா பள்ளி பஸ் டிரைவர் ஆக ஆசைப்பட்டிருக்கிறாள். தம்பி என் பக்கம் சாய்ந்து, "விவசாயம் பரவாயில்லை அக்கா" என்றான்.

அப்புறம் விளக்கை அணைத்து, திரையில் குழந்தைப் படங்கள். அதற்கடுத்து ரோஜா. ஆளுக்கு ஒரு ரோஜாவை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். நாளைக்கு அன்னையர் தினம் வேறு. தம்பி மனைவி அதுவரை வீடியோ எடுப்பதிலேயே இருந்தாள். பாப்பா பூவை நீட்டியதும் போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மடியில் போட்டாள். பிறகு பார்த்தால் பத்து நிமிடம் என் சேலை முந்தானைதான் பதிவாகியிருக்கிறது. ஓர் ஓரத்தில் ஒருவன் தாத்தாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டுப் பூவைச் சட்டைப் பொத்தானில் செருகிக்கொண்டிருந்தான். அவசரமே படவில்லை. அரங்கமும் காத்திருந்தது.

சான்றிதழ். கைதட்டலைக் கடைசி வரை நிறுத்திவைக்கச் சொன்னார்கள், முதல் பெயருக்கே ஒருவர் மாட்டுச் சங்கு மாதிரி எதையோ ஊதிவிட்டார். பள்ளி நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர்களே உறுப்பினர்கள், தேர்தலில் ஜெயித்து வருகிறார்கள். அதில் ஒருவரின் மகனும் இந்த வருடம் முடிக்கிறான். அவன் முறை வந்ததும் மற்றவர்கள் ஒதுங்கி அப்பாவையே கொடுக்கச் சொன்னார்கள். கை குலுக்கினார், முறைப்படி. பையன் இரண்டு அடி நடந்துவிட்டான். அவர் தோளைப் பிடித்துத் திருப்பி இழுத்துக்கொண்டார்.

பதினேழாவது பாப்பா. தலைமையாசிரியர் அட்டையைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். எனக்குத் தொண்டை அடைத்தது, என் நாக்கும் வாய்க்குள் தானாக வளைந்தது. சொன்னார்.

ழ. சுத்தமான ழ. சென்னை ரேடியோவில்கூட இப்போது கேட்காத ழ.

பாப்பா படியில் காலை வைத்தவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் படு தீவிரமாக வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, வழக்கம்போலக் கத்தினார்கள். தம்பி மட்டும், "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டான். எனக்கென்ன தெரியும் என்றேன்.

கடைசியில் குஞ்சத்தை வலமிருந்து இடத்துக்கு மாற்றினார்கள், தொப்பியை வீசினார்கள். வீசுகிற வழக்கம் 1912-இல் கடற்படைக் கல்லூரியில் தொடங்கியதாம். படிப்பு முடிந்ததும் அதிகாரித் தொப்பி கையில் கிடைத்துவிடும், பழையது எதற்கு என்று எறிந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் புதுத் தொப்பி எதுவும் இல்லை. வீசிவிட்டு அவரவர் தொப்பியை நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

மே 11, ஞாயிறு

விழா பள்ளியோடு முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் விருந்து. 23 வீடு, இரண்டு நாள். யார் வீட்டுக்கு எத்தனை மணி என்று ஒரு தாளில் அச்சடித்து மளிகைக் கடையில் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று மாலையே ஐந்து வீடு முடித்தோம். எல்லா வீட்டிலும் பன்றி இறைச்சியைப் பிய்த்துப் போட்ட ரொட்டி, பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கு, வெண்ணெய் மிட்டாய், கேக். எனக்கு உருளைக்கிழங்கே கதி.

நம் வீட்டு விருந்து இன்று மாலை ஐந்திலிருந்து எட்டு, மத்திய நேரம். கார் ஷெட்டைக் கழுவிவிட்டு மடக்கு நாற்காலி போட்டோம். நாற்காலி சர்ச்சினுடையது, வீடு வீடாகச் சுற்றுகிறது. காலையில் வேறு வீட்டிலிருந்து வந்தது, இரவு இன்னொரு வீட்டுக்குப் போகும். நானும் தம்பி மனைவியும் எலுமிச்சை சாதம், உளுந்து வடை. வடை 200 போட்டோம், போதவில்லை. "மஞ்சள் சாதம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள், பதின்மூன்று வருடப் பழக்கம். அறுவடை இயந்திரம் ஆவேன் என்ற பையன் மூன்று தட்டு சாப்பிட்டான்.

வாசலில் ஒரு மரப்பெட்டி. வருகிறவர்கள் வாழ்த்து அட்டையை அதில் போடுகிறார்கள். உள்ளே பத்து, இருபது டாலர். கூட்டம் குறைந்ததும் பாப்பா ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல, தம்பி மனைவி நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தாள். பெயர், தொகை. எல்லோருக்கும் கையால் நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அதற்குத்தான் கணக்கு என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். "இது மொய் நோட்டு இல்லையா?" என்றேன். அவள் உசிலம்பட்டிப் பெண். சிரித்துக்கொண்டே பழைய பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். 2013-இலிருந்து இவர்கள் போன ஒவ்வொரு விருந்து, போட்ட ஒவ்வொரு தொகை. யாருக்கும் பாக்கி இல்லை.

ஏழு மணிக்கு மேல் தம்பி போனைச் சாதப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்தான். மதுரையில் திங்கள் விடியல். வைகைக்கரை முழுக்கத் தலைகள். தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நின்றுகொண்டிருந்தார். ஹார்ட்வேர் கடைக்காரர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். இவ்வளவு பேரா, யாருக்கு விழா என்றார். பாப்பா விளக்க ஆரம்பித்தாள். தங்கை கல்யாணத்துக்கு வந்த அண்ணன், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, அப்படியே ஆற்றோடு திரும்பிவிட்டார் என்றாள். "நேரக் குழப்பமா?" என்று கேட்டார் அவர். தம்பி என்னைப் பார்த்தான்.

வெளியே கிழக்கில் நிலா பெரிதாக எழுந்துகொண்டிருந்தது. நாளைக்குச் சித்ரா பௌர்ணமி. இரண்டு பையன்கள் பிக்கப் வண்டியில் நாற்காலிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

நான் பையிலிருந்து கவரை எடுத்தேன். 101 டாலர். அந்த ஒற்றை டாலரை டென்வர் விமான நிலையத்திலேயே சில்லறை மாற்றி வைத்திருந்தேன். தம்பி மனைவி நோட்டில் கடைசி வரிக்கு வந்து பேனாவோடு நிமிர்ந்தாள்.

"ஊரு மதினி?"

"திருமங்கலம்னு போடு."